பாதியில் நிற்கும் பேக்கப்

ஞாயிற்றுக்கிழமை காலை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உள்ளறைக் கம்ப்யூட்டர் டிக், டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. கல்யாண வீடியோ எடுத்து வயிறு கழுவுகிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது. கீரையைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

அதற்குள்தான் வள்ளியம்மாள் அக்கா மகள் தமிழ்நிலாவின் கல்யாணம் இருந்தது. அக்கா அடுத்த பிளாக். ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் கான்ட்ராக்ட் வேலை. தாலி கட்டி முடிந்ததும் தமிழ்நிலா மைக்கை வாங்கித் தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் அக்காதான். அந்த நேரம் பார்த்துப் பந்தியில் சாம்பார் பற்றவில்லை என்று யாரோ சொல்ல, அங்கே ஓடியிருந்தாள்.

அன்றிலிருந்து எதிரில் வருகிறவர்களெல்லாம் 'உன் மகள் என்ன பேச்சுப் பேசினாள்' என்று சொல்லச் சொல்ல, அக்காவுக்கு ஏக்கம் ஏறிக்கொண்டே போனது. மகளைக் கேட்டால், அதெல்லாம் இன்னொரு தரம் வராது, வீடியோவில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு ஓசூருக்குப் போய்விட்டாள். செல்போனில் எடுத்தவர்களிடம் மேளச் சத்தமும் இரைச்சலும்தான். மைக்செட்டிலிருந்து நேராக ஒயர் இழுத்தது நான் ஒருத்திதான். கேமரா கார்டை அடுத்த முகூர்த்தத்துக்காக அழித்தாகிவிட்டது. இன்று சாயங்காலம் படம் பார்க்க வருகிறேன் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்.

இப்படியொரு நாளுக்காகத்தான் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வாங்கி, ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் தானாக அதற்குள் ஒரு நகல் போய்விடும். போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் ஒரு வாரமாக வரிசையாகச் சிவப்பு: பேக்கப் தோல்வி, பேக்கப் தோல்வி. தினமும் அந்த எச்சரிக்கையை ஈ ஓட்டுகிற மாதிரி தள்ளிவிட்டிருக்கிறேன்.

தமிழ்நிலாவின் பேச்சு இருந்த கோப்பை மட்டும் தனியாக அனுப்பினேன். கல்யாணம் முழுக்க நிறுத்தாமல் ஓடிய கேமரா. ஒரே பெரிய கோப்பு. பாதி போனதும் இணைப்பு இல்லை என்று நின்றுவிட்டது. பாதி வந்த கோப்பு திறக்காது. ஹாலுக்குப் போய்ப் பெட்டி மேல் கிடந்த உறையைத் தூக்கிப் பார்த்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது. பட்டனை அழுத்தினேன், உயிர் வந்தது. ஒரு போட்டோவை அனுப்பிப் பார்த்தேன், சமர்த்தாகப் போனது. உறையைப் போட்டுவிட்டு மறுபடி பெரிய கோப்பை அனுப்பினால், பாதியில் அதே கதை.

பெட்டியை விற்ற பண்ருட்டிக் கடைக்காரர் வேணுவுக்குப் போன் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார், மாற்றினேன். கேபிளை மாற்றச் சொன்னார், மாற்றினேன். வேறு பிளக்கில் சொருகச் சொன்னார், சொருகினேன். கடைசியில் பெட்டி போச்சு, புதுசு வாங்கிடுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம்! கடையைத் திறந்து வையுங்கள், இப்போதே வருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று போனை வைத்துவிட்டார்.

சரி அன்புக்கரசி, உன் மூளையை நீயே கேள் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்ட் தப்பென்றால் தொடங்கவே கூடாது. கேபிள் கெட்டதென்றால் போட்டோவும் போகக்கூடாது. சின்னது போகிறது, நேரம் பிடிக்கிற பெரியதுதான் போகவில்லை. அப்படியானால் ஓட ஓட அந்தப் பெட்டிக்கு ஏதோ ஆகிறது. அது என்ன என்று பார்த்துவிடுவோம்.

மறுபடி கோப்பை அனுப்பிவிட்டு, பெட்டியின் விளக்கு தெரியட்டும் என்று உறையைக் கழற்றி, உள்ளறைத் திரையும் தெரிகிற மாதிரி எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கோப்பு போய்க்கொண்டே இருந்தது. பாதியைத் தாண்டியது. முக்கால் வந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிகிற வாசனை வர, உள்ளே ஓடி வடித்து, அப்படியே கீரையையும் வேகவைத்துத் தாளித்து இறக்கிவிட்டு வந்தேன். உள்ளறையில் எட்டிப் பார்த்தால் திரையில் மறுபடி சிவப்பு. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே ஹாலுக்குப் போனேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் செங்குட்டுவன் அங்கே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, பெட்டிக்கு ரெக்சின் உறையை மாட்டி, கீழே நாடாவையும் இழுத்துக் கட்டியிருந்தார். சுரங்கத்துக் கன்வேயரில் எலக்ட்ரிகல் வேலை. மோட்டார் பேனலுக்குள் கரித்தூசி புகுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்கும் உறை. நான் கொஞ்சம் அசந்து உட்கார்ந்தால் எனக்கும் அளவெடுத்துவிடுவார். பார்த்துப் பார்த்து, அந்த உறை என் கண்ணிலேயே படாமல் போயிருக்கிறது.

நாடாவை அறுக்காத குறையாக உருவி, பெட்டி மேல் கையை வைத்தேன். தோசைக்கல். தை மாதத்தில் தாங்கியிருக்கும். இது அக்னி நட்சத்திரம். கொதித்துப்போய்த் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

"தொறந்து கெடந்துச்சி அன்பு. தூசி பூந்துகினு இருக்குமேன்னு மூடுனேன்" என்றார்.

"தூசிய நாளைக்குத் தொடச்சிக்கலாங்க. அந்தப் பொண்ணு பேசுனது போனா எங்க போயி எடுப்பீங்க?"

அவரும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். மோட்டார்க்காரருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையறை டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு எதிரில் வைத்தார். ஜன்னல் பக்கம் தூசி வராமல் தானே மறைத்துக்கொண்டு நின்றார்.

பெட்டி ஆறியதும் மறுபடி அனுப்பினேன். கம்ப்யூட்டரின் டிக் டிக் இப்போது அடுத்தடுத்து வந்தது. இன்னும் கொஞ்சம் தாங்குடா ராசா என்று அதனிடம் கெஞ்சினேன். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது. அங்கே கொஞ்சம் தயங்கியபோது எனக்கு உயிரே இல்லை. பிறகு நகர்ந்தது. பச்சை எழுத்து வந்தது: முடிந்தது.

சும்மா நம்புவேனா? பெட்டியிலிருந்தே கோப்பை டிவியில் திறந்து, கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரேயடியாகக் கண்ணை மூடியது. போய் வா மகராசா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். ஜெயித்தவளுக்குச் சிரிக்கக்கூடவா உரிமை இல்லை?

வள்ளியம்மாள் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்று டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தமிழ்நிலா மாலையும் கழுத்துமாக மைக்கை வாங்கினாள்.

"எங்கம்மா இப்ப இங்க இருக்காது. பந்தியில யாருக்கு என்னா பத்தலன்னு பாத்துகினு இருக்கும். அது ஆஸ்பத்திரியில வார்டு கூட்டுது. அதே மாதிரி ஒரு வார்டுல நான் இன்னிக்கி நர்சு. ஒன்னைப் பெத்தவ யாருன்னு எவ்ளோ பெரிய டாக்டரு கேட்டாலும், வார்டு கூட்டுற வள்ளியம்மாதான்னு தலை நிமிந்து சொல்லுவேன்."

டிவியில் மண்டபம் எழுந்து கைதட்டியது. இங்கே நானும் அவரும் தட்டினோம். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் ஹாலின் ஜன்னல் இரண்டையும் படார் படாரென்று திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மொதல்லேருந்து போடும்மா. சத்தத்த நல்லா கூட்டி வையி."