கருவாட்டுப் பாயில் காய்ந்த வாணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு அந்தோனியார் பெருநாளுக்குக் கொடியேறுமுன் ஒரு வாணமாவது கோபுரச் சிலுவைக்கு மேலே போகவேண்டும், இல்லாவிட்டால் வாண வேலை அரியாலைக்காரருக்கு என்று பெருநாள் சபைத் தலைவர் சந்தியோகு சொல்லிவிட்டார். குருநகரில் அந்த வேலை மக்டலீனின் புருஷன் கனிசியஸின் கையில் இருந்தது. போன மாரியில் கடல் அவனைக் கொண்டுபோன பிறகு, அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவளோடு வேலைக்கு நின்ற ஆட்கள் இருவர். வாணத்துக்கு வெடிமருந்து இடிக்கும் செபநாயகம் எதையும் இன்னும் கொஞ்சம் காயட்டும் என்பார். மக்டலீனின் தம்பி பேதுரு, கட்டி முடிக்குமுன்னே நெருப்புப் பெட்டியோடு நிற்பான். ஒருவர் சொல்லைக் கேட்டு ஒரு கிழமை போனது. மற்றவன் சொல்லைக் கேட்டுக் கொளுத்திய வாணம் சீறிவிட்டுப் பக்கத்து வள்ளத்துக்குள் விழுந்தது. வாணமோ சுருட்டோ என்று கரையில் கேட்டுச் சிரித்தார்கள்.

மக்டலீன் சிரிக்கவில்லை. விழுந்ததைப் பிளக்கச் சொன்னாள். அடியில் மருந்து எரியாமல் ஈரமாய்த் திரண்டு கிடந்தது.

"அப்பவே சொன்னன், காயேல்லை எண்டு," என்றார் செபநாயகம்.

"காயக் காயப் பெருநாளே போயிடும் அண்ணை," என்றான் பேதுரு.

அவள் மருந்து காய்ந்த பாயைத் தூக்கி முகர்ந்தாள். கருவாட்டுப் பாய். அந்தக் கரையில் எது காய்ந்தாலும் அதில்தான் காயும். பகலில் முறுகிக் கிடக்கும் கருவாடு பொழுதுபட்டதும் வேர்ப்பது அவளுக்குத் தெரியாததா?

"பாயிலை இருக்கிற உப்பு ஈரத்தை இழுக்குது. இன்னும் ஒரு மாசம் கிடந்தாலும் உது காயாது," என்றாள்.

மறுநாளே புது மருந்தை உப்புப் படாத சாக்கில் காயவைத்து, அடைத்த குழாய்களைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோனாள். கடற்காற்று எட்டாத அந்த ஊரில், அவளிடம் கருவாடு வாங்கும் செல்வநாயகியின் வெங்காயக் கொட்டிலில் காற்று உலர்ந்து வீசும். கோயில் காரியம் என்றதும் செல்வநாயகி, அடுப்படியை விட்டுத் தள்ளித் தூக்கிக் கட்டச் சொன்னாள்.

"வெங்காயத்திலை மீன் மணம் வந்தால் முழுத்தையும் நீதான் வாங்கவேணும்."

"ஓம், வாங்கிறன்."

கொடியேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம் வாணங்கள் கரைக்குத் திரும்பின. செபநாயகம் இன்னும் இரண்டு நாள் கேட்டார். பேதுரு எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொளுத்துவோம் என்றான்.

"இண்டைக்கு. ஒண்டு மட்டும்," என்று மக்டலீன் பேதுருவின் நெருப்புப் பெட்டியை வாங்கித் திரியைத் தானே கொளுத்தினாள்.

வாணம் சற்றுச் சரிந்தாலும் சிலுவையைத் தாண்டிப் போய் வெடித்து, பொறி பொறியாய்க் கடலில் சொரிந்தது. கேலி பேசிய கரை கைதட்டியது. பெருநாளுக்கு எத்தனை தரலாம் என்று சந்தியோகு கேட்டார். செபநாயகம் யோசிக்கத் தொடங்கினார்.

"கேக்கிறதைத் தருவம்," என்றாள் அவள்.

கனிசியஸ் இருந்திருந்தால், வால் குச்சி கொஞ்சம் நீளம், அதனால்தான் சரிந்து போனது என்றிருப்பான். மிச்ச வாணங்களின் வாலை அன்றைக்கே ஒரு சாண் நறுக்கச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.