முன்சீட்டுக் காற்று

இந்த ஜீன்ஸ் வேண்டாம், உள்தொடையில் தடித்த தையல், போன ஞாயிறே சிவந்துவிட்டது, நாளைக்கு பைக்கில் இருநூறு கிலோமீட்டர், தோலே உரிந்துவிடும்... சுடிதாரா, துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் கோர்ட்டுக்குப் பதில் ஆஸ்பத்திரி. நீதிபதி முன்னால் புடவையில்தான் நிற்க வேண்டும் என்கிறாள் தங்கை, சரி, அதைப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம், விவாகரத்து வாங்கப் போகிறவளுக்குக் கஞ்சி போட்ட புடவை ஒரு கேடா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். "பஸ்ல போயேன்க்கா, யாருக்குக் காட்டப் போற?" என்றாள் போனில். யாருக்கா, அவருக்குத்தான், "வண்டிய நீயே வச்சுக்கோ" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போன மனிதர் முன்னால் அதே வண்டியில் போய் இறங்க வேண்டும், ஒரு வருடத் தனிமையில் நான் ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்... ஓய்ந்துதான் கிடக்கிறேன், அது வேறு கதை, கடைக்காரர் தலையில் கட்டிய இந்த ரைடிங் ஜாக்கெட் முதுகில் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லக்கூட வீட்டில் ஓர் ஆள் இல்லை.

நின்றபடி போட்டுப் பார்க்கக் கூடாதாம், உட்கார்ந்து கையை நீட்டிப் பார்க்க வேண்டுமாம், அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் நாற்பத்தாறு வயதுப் பைத்தியம்... சிரித்துவிட்டேன், தனியாகச் சிரிக்கும் சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுகிறது. முதுகு சரி. நெஞ்சு? பின்சீட்டிலேயே இருபது வருடம் உட்கார்ந்தவளுக்கு நெஞ்சில் காற்று அடிக்கும் என்று எப்படித் தெரியும், போன ஞாயிறு விடியற்காலையில் ஓட்டிப் பழகலாம் என்று கிளம்பி, நாற்பதாவது கிலோமீட்டரில் நெஞ்சு விறைத்து, விரல் கிளட்சைப் பிடிக்க மறுத்து, டீக்கடையில் நிறுத்தினேனே, அப்போதுதான் தெரிந்தது. நாற்பதுதான். அவரும் அப்படித்தான், என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வழிநெடுக நிறுத்துவார், "கை விறைச்சுப் போச்சு, ஒரு நிமிஷம் இரு" என்பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும், "எங்கம்மா வீடுன்னா மட்டும் உங்களுக்குக் கை விறைக்கும்" என்பேன். அவர் அம்மா வீடு அடுத்த தெரு, அங்கே போக எதற்கு விறைக்கப் போகிறது, அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வக்கீலம்மாவிடம் முதல் குறையாக அதைத்தான் சொன்னேன், என் மனிதர்களைப் பார்க்க அவருக்கு மனசே கிடையாது, வேண்டுமென்றே இழுத்தடிப்பார் என்று.

அவர் முதுகுக்குப் பின்னால் எனக்குக் காற்றே இல்லை. கதகதப்பாக உட்கார்ந்துகொண்டு கோபப்பட்டிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் காலையில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் கை சில்லிட்டிருந்தால் நரம்பு பிடிபடாது, "நல்லா தேய்ங்க, அவசரமில்ல" என்று யார் எவரென்றே தெரியாதவர்களிடம் தினமும் பத்துத் தடவை சொல்கிறேன், அவர் டீ கிளாஸை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு நின்றபோது மணிதான் பார்த்தேன்... வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு நீதிபதி, முடிவில் மாற்றம் இல்லையே என்று கேட்பாராம், "இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றிருக்கிறார் வக்கீலம்மா. சொல்வேன், ஒரு குறை போனால் என்ன, மற்றவை இருக்கின்றன, வரிசையாகச் சொன்னேனே, அந்தம்மாவுக்கு எழுதி மாளவில்லை... உள்ளே ஸ்வெட்டரைப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்கிறேன், இரண்டாவது குறையாக என்ன சொன்னேன் என்று யோசிக்கிறேன், உடனே வரமாட்டேன் என்கிறது.