சம்பந்தி ஜீப்பில் ஏறிய ஆடு

எர்மெக்கின் பட்டறை வாசலில் சம்பந்தியின் வெள்ளை ஜீப் நிற்பதைப் பார்த்ததும் மெலிஸ் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தினார். கோப்பையை வைத்துவிட்டு, கையில் கிரீஸ் துணியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

நரின் நகரத்திலிருந்து மலைக் கணவாய்க்கு ஏறுகிற ரோட்டில் இரண்டே பட்டறைகள், எதிரெதிராக. மெலிஸுடையது ஒரு பழைய ரயில் பெட்டியும் தகரக் கூரையும். எதிரே எர்மெக்குடையது. கண்ணாடிக் கதவு, வாசலில் விளக்கு, உள்ளே கம்ப்யூட்டர். போன கோடையில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து கல்லில் அடி தட்டி நின்றது. அதுவும் எர்மெக்கிடம்தான் போனது. அதற்கெல்லாம் மெலிஸ் வருத்தப்படவில்லை. தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற காரில் இந்த மலைக்கு வருகிறவனுக்குப் புத்தி கிடையாது. புத்தி இல்லாதவன் எங்கே போனால் என்ன?

ஆனால் இந்த ஜீப் அப்படியா? இது சம்பந்தி அசனாகுனுடையது. அசனாகுனின் மூத்த மகனுக்குத்தான் மெலிஸ் பெண்ணைக் கொடுத்திருந்தார். அசனாகுன் வாங்கிய வண்டி ஒவ்வொன்றுக்கும் அடியில் படுத்து எழுந்தவர் மெலிஸ். போன இலையுதிர் காலத்தில் அசனாகுனின் இளைய மகன் எர்மெக்கின் பெண்ணைக் கட்டினான். அன்றிலிருந்து அசனாகுனுக்கு இரண்டு சம்பந்திகள்.

"ஏங்க, அங்க என்ன பாக்குறீங்க?" உள்ளேயிருந்து மனைவி புருல்சா கேட்டாள்.

"எனக்குக் கண்ணு இருக்கு, பாக்குறேன்."

"எர்மெக்கும் அவருக்குச் சம்பந்திதானே. ரெண்டு வீட்டுக்கும் போகத்தான் செய்வாரு."

"வீட்டுக்குப் போகட்டும். வண்டி எதுக்கு அங்க போவுது?"

"கல்யாணத்துல அவனுக்கு எலும்பு போட்டதுலேருந்து உங்களுக்கு வயித்துக்குள்ள அடுப்பு எரியுது."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கல்யாண விருந்தில் ஆட்டின் இடுப்பெலும்பை, பெரிய மனிதருக்கு வைக்கிற அந்த ஜம்பாஷை, அசனாகுன் எர்மெக்கின் தட்டில் வைத்தார். அவன்தான் அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவன், முறை அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மெலிஸுக்கு வந்தது கால் எலும்பு. நாற்பத்தைந்து வயதுக்காரன் இடுப்பெலும்பைக் கடிக்க, நரைத்த தலையோடு இவர் எதிரே உட்கார்ந்து கால் எலும்பைக் கடித்தார்.

விடுவாரா? மறு வாரமே அசனாகுனை வீட்டுக்கு அழைத்து விருந்து போட்டு, போகும்போது ஒரு ஆட்டையும் கொடுத்தார். அறுத்துப் பையில் போட்டுத் தரலாம் என்று புருல்சா சொன்னாள். பையில் போனால் எர்மெக்குக்கு எப்படித் தெரியும்? முதுகில் அடையாளத்துக்கு நீலச் சாயம் பூசிய தன் மந்தையிலேயே கொழுத்த ஆட்டைப் பிடித்து, கால்களைக் கட்டாமல், ஜீப்பின் பின்பக்கம் தானே ஏற்றினார். அது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தபடி எர்மெக்கின் பட்டறையைக் கடந்து போனது. அன்றிரவு மெலிஸ் நன்றாகத் தூங்கினார்.

இப்போது அந்த ஜீப்தான் அங்கே நிற்கிறது.

விஷயம் விசாரித்ததில் தெரிந்தது. வண்டி சமவெளியில் குதிரை மாதிரி ஓடுகிறதாம். கணவாய் ஏற ஆரம்பித்தால் இருமுகிறது, இழுக்க மாட்டாமல் நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆறவிட்டால் கிளம்புகிறது. பெட்ரோல் முள்ளும் நிலையாக நிற்காமல் துடிக்கிறது. எர்மெக் பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து அனுப்பினான். வண்டி திரும்பி வந்தது. ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றினான். மறுபடி வந்தது.

ஒவ்வொரு தடவை வந்தபோதும் மெலிஸ் ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆனாலும் பயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் கால்கயிறு அறுக்கும் விருந்து. நடக்கத் தொடங்கிய பிள்ளையின் காலில் கயிறு கட்டி அறுப்பார்கள். பேரன் மெலிஸின் மகள் பெற்ற பிள்ளை. இந்த விருந்திலாவது ஜம்பாஷ் இவர் தட்டுக்கு வர வேண்டும். அதற்குள் எர்மெக் ஜீப்பைச் சரிசெய்துவிட்டால், விருந்து முழுக்க அவன் பேச்சாகத்தான் இருக்கும். எலும்பும் அங்கேயே போய்விடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜீப் கணவாயிலிருந்து சத்தமே இல்லாமல் இறங்கி வந்தது. இன்ஜின் செத்திருந்தது. இறக்கத்தில் உருண்டே வந்த வண்டியை அசனாகுன் இரண்டு பட்டறைக்கும் நடுவில் ஒரு கணம் தயங்கவிட்டு, ஸ்டீயரிங்கை மெலிஸ் பக்கம் ஒடித்தார்.

"வாங்க சம்பந்தி," என்றார் மெலிஸ். "வழி தவறி வந்துட்டீங்களோ?"

"குத்தாதீங்க. மலையில ரெண்டு ஆடு வாங்கி வச்சிருக்கேன், விருந்துக்குக் கொண்டாறணும். இந்தச் சனியன் ஏற மாட்டேங்குது."

"கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சாம்?"

"அதை விடுங்க. நீங்க பாருங்க."

மெலிஸ் பார்த்தார். அவரிடம் கம்ப்யூட்டர் இல்லை, இரண்டு ஒயர் கட்டிய ஒரு பல்பு இருந்தது. சாவியைத் திருகிவிட்டு, பல்பை முன்னால் ஃப்யூஸில் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. பின்சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரில் வைத்தார். சாகப் போகிற கிழவன் கண் மாதிரி மங்கலாக எரிந்தது. பம்புக்குப் போதுமான கரண்ட் போகவில்லை. சமதரையில் எப்படியோ சமாளிக்கிறது, ஏற்றத்தில் பெட்ரோல் எட்டாமல் இன்ஜின் மூச்சு முட்டுகிறது. கரண்ட் நடுவில் எங்கேயோ செத்துக்கொண்டிருந்தது.

"உள்ள டீ இருக்கு, குடிங்க," என்று அசனாகுனை அனுப்பிவிட்டுப் பின்பக்க விரிப்பைத் தூக்கினார்.

இரும்புத் தரை துருவேறிக் கிடந்தது. பம்பு ஒயரின் கனெக்டர் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட் உப்புப் பொரிந்து பாதி கரைந்திருந்தது. ஓரத்தில் காய்ந்த ஆட்டுப் புழுக்கை. போல்ட்டில் சிக்கிக்கொண்டு ஒரு கொத்து மயிர்.

மயிரின் நுனியில் நீலச் சாயம்.

மெலிஸ் அதை விரலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய ஆடு. அவர் கையால் ஏற்றிய ஆடு. வழியெல்லாம் அது பெய்த மூத்திரம் விரிப்புக்கு அடியில் இறங்கி, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒயரைத் தின்றிருக்கிறது.

மயிரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போல்ட்டை மாற்றினார், இரும்பு தெரியும்வரை தேய்த்தார், கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு ஒயரை ஈயம் வைத்துச் சேர்த்தார். சாவியைத் திருகியதும் பம்பு முனகியது. முள் நிலையாக நின்றது.

சத்தம் கேட்டு அசனாகுன் ஓடி வந்தார். "என்ன கோளாறு?"

"எவனோ பாத்த அரைகுறை வேலை," என்றார் மெலிஸ், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "விரிப்பைத் தூக்கி, கனெக்டரைக் கழட்டி, சரியா மாட்டாம விட்டுட்டான்."

"எர்மெக்கா?"

"நான் பேர் சொல்லலை."

அசனாகுன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அவன் விரிப்பைத் தூக்கவே இல்லையே, சம்பந்தி. நான்தான் தூக்க விடல."

"ஏன்?"

"முதல் நாளே கதவைத் திறந்து மோந்து பாத்தான். 'இது ஆட்டு மூத்திரம், ஒயரைத் தின்னுருக்கும், தூக்கிப் பாக்கலாம்'னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. இந்த வண்டியில ஏறுனது ஒரே ஆடு, என் பெரிய சம்பந்தி குடுத்த ஆடு. அதைக் குத்தம் சொல்றியா, பொறாமையில பேசுறியான்னு கேட்டேன். விரிப்பைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்னு சொன்னேன். பாவம், அப்புறம் வேற எதை எதையோ மாத்திப் பாத்தான்."

 மெலிஸின் கை சட்டைப்பைக்குள் போனது.

"நல்லவேளை," என்றார் அசனாகுன். "ஆடு இல்லன்னு ஆச்சு. நாளைக்கு விருந்து ஆட்டையும் இதுலயே ஏத்திட்டு வந்துடுறேன்."

சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் எலும்பு உறுதி. ஆனால் இரண்டு கொழுத்த ஆடுகள் இப்போது ஈயம் வைத்த ஒயருக்கு மேலே நின்று பெய்யும். சில மாதம் கழித்து வண்டி மறுபடி கணவாயில் நிற்கும். அப்போது யார் வேலை என்று கேட்பார்கள்? மெலிஸின் வேலை என்பார்கள். எர்மெக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பான்.

மயிரை எடுத்து நீட்டினார். "ஆடுதான். என் ஆடுதான். நாளைக்கு ஆட்டை லாரியில ஏத்துங்க."

அசனாகுன் நீல நுனியைப் பார்த்தார். மெலிஸைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்பின் மேல் சாய்ந்து சிரித்தார்.

"இவ்வளவு கொழுத்த ஆட்டை யாரு குடுக்கச் சொன்னா உங்களை! அது பெய்யாம என்ன செய்யும்?"

ஞாயிற்றுக்கிழமை பேரன் கயிறு அறுத்ததும் விழுந்து, எழுந்து, நடந்தான். பெரிய தட்டு வந்தது. அசனாகுன் இடுப்பெலும்பை எடுத்து, யாரையும் கேட்காமல், மெலிஸின் முன்னால் வைத்தார். புருல்சா பெண்கள் வரிசையிலிருந்து, போதுமா என்பதுபோல் பார்த்தாள்.

மெலிஸ் கத்தியை எடுத்து ஒரு துண்டு அறுத்து, வழக்கப்படி பக்கத்தில் இருப்பவனுக்கு நீட்டினார். பக்கத்தில் இருந்தவன் எர்மெக்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் தாழ்ந்த குரலில். "மோந்து பாத்ததெல்லாம் சும்மா, கம்ப்யூட்டர்தானே சொல்லுச்சு? ஒயர்ல கரண்ட் குறையுதுன்னு?"

"இல்லண்ணே. அன்னைக்குக் கம்ப்யூட்டரை மாட்டவே இல்ல. கதவைத் திறந்தேன், மூக்குக்குத் தெரிஞ்சுது." அவன் துண்டை வாயில் போட்டு மென்றான். "உங்களுக்கும் வாசனை வந்திருக்குமே?"

பெட்ரோலில் மெலிஸின் மூக்கு செத்து வெகுகாலமாகியிருந்தது. அவர் எலும்பைக் கடித்தார். இத்தனை நாள் ஆசைப்பட்ட எலும்பு ருசிக்கவில்லை; கடித்த இடத்திலேயே நிறுத்தி, எதிரே இருந்த அசனாகுனைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, சாப்பிடுங்க!" என்றார் அசனாகுன்.

"சாப்பிடுறேன்," என்றார் மெலிஸ். "உப்பு பத்தல."