அழுத்தம் எந்த அசையில்

லீமா புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அயர்லாந்து வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் போன முறை அவள் தேறவில்லை. நீளமான சொற்களில் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறாள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ‘மெடிக்கேஷன்’ என்றால் ‘கே’யில் அழுத்தம், ‘அப்சர்வேஷன்’ என்றால் ‘வே’யில். துணி காயப்போடும்போதும் சொன்னாள், வீட்டுக்குப் பக்கத்து உப்பளத்து வரப்பில் நடந்தபடியும் சொன்னாள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள், போனில் யாரிடமோ சண்டை போடுகிறாள் என்று நினைத்தார்கள்.

அவளைப் படுத்திய சொல் ஒன்று உண்டு. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், ‘அனஸ்தீசியாலஜிஸ்ட்’. அ, னஸ், தீ, சி, யா, ல, ஜிஸ்ட். அழுத்தம் ‘யா’வில் வர வேண்டும். அவள் வாய் ‘தீ’யிலேயே போய் விழுந்தது.

தேர்வுக்காகச் சென்னை போகும் பஸ்ஸில் அவள் விரல்கள் அசைக்கு ஒரு தட்டாகக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தன. கணவன் ஆல்பர்ட் கையைப் பிடித்தான்.

“கொஞ்சம் சும்மா இரு லீமா. முன் சீட்டுக்காரரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு.”

“நிறுத்துனா மறந்துடும்ங்க.”

தேர்வறையில் ஒரு பெண், ஆபரேஷனுக்குப் பயப்படும் நோயாளியாக நடித்தாள். தனக்கு மயக்க மருந்து கொடுக்கப்போவது யார் என்று கேட்டாள். லீமா சொன்னாள். அழுத்தம் ‘தீ’யில் விழுந்தது.

“யார்?” என்றாள் அந்தப் பெண், புரியாமல்.

லீமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி சொன்னாள். ‘யா’வில் நன்றாக அழுத்தினாள். உங்களைத் தூங்க வைக்கிற டாக்டர்தான், நீங்கள் விழிக்கும்வரை பக்கத்திலேயே இருப்பார் என்று எளிய ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டாள்.

முடிவு வந்தபோது ஆல்பர்ட் வாசலில், வாடகைக்கு ஓட்டும் தன் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“பாஸாயிட்டேங்க!”

அவன் ஈரக்கையோடு அவளைத் தூக்கிச் சுற்றினான். இறக்கிவிட்டதும், “எப்ப கிளம்பணும்?” என்றான்.

யார் போவது, எப்போது போவது என்று அதுவரை இருவரும் பேசியதே இல்லை.

“ரெண்டு மூணு மாசம் ஆகும். நீங்களும் வந்துடுங்க.”

“டெம்போவ வித்துட்டா?”

“ஆமா, வித்துட்டு.”

அவன் வண்டியில் ஏறிக் கிளப்பினான். லீமா ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெகுதூரம் போனபின் அவன் சொன்னான்.

“நீ முதல்ல போ. அப்புறம் நான் வர்றேன்.”

“சரி,” என்றாள். எப்போது என்று சொல்லாத அந்த ‘அப்புறம்’ அவளுக்குப் போதவில்லை.