எதிர்த்தெருப் பிரசவம்

ஊரில் பாதிப் பேரை முதலில் தொட்டுத் தூக்கிய கை தன்னுடையது என்பதில் டாக்டரம்மாவுக்கு இருந்த பெருமை, அவருடைய ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையைவிட ஒரு சாண் உயரம். அப்படிப்பட்டவருடைய சொந்த அண்ணன் மகள், பிள்ளைத்தாய்ச்சி, எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள் என்பதை மயக்க மருந்து டாக்டர்தான் போட்டு உடைத்தார். எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிற மனிதர். ஆபரேஷன் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அண்ணன் பொண்ணை அங்க பார்த்தேனே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"தெரியும், தெரியும்," என்ற டாக்டரம்மா, கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

எதிர்த்தெரு ஆஸ்பத்திரி டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நடத்துகிறவள் டாக்டரம்மாவிடம் தொழில் பழகிப் போனவள். நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்வாள். அதனால் 'ஊமைக்கோட்டான்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே டாக்டரம்மாதான். அந்த ஊமைக்கோட்டானிடமா நம் வீட்டுப் பெண்? தன் வீட்டுப் பெண்ணே வாய் வைக்காத பண்டத்தை ஊரார் எப்படி நம்பி வாங்குவார்கள்? குடும்ப மானம் டைல்ஸ் கடைப் படியேறிப் போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பெண்கள் எதைப் பார்த்து ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அவர் நன்றாக ஆராய்ந்து வைத்திருந்தார். அதாவது, ஒரு பெண்ணையும் கேட்காமல் ஆராய்ந்து வைத்திருந்தார். வாசல்தான் முக்கியம் என்பது முடிவு. எனவே அவருடைய ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு செயற்கை அருவி கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்ட கர்ப்பிணிகள் எல்லாம் வந்த வேகத்தில் கழிப்பறையைத் தேடினார்கள். லிஃப்ட் பாட்டுப் பாடியது. சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள்.

இதையெல்லாம் மீறி அங்கே என்னதான் இருக்கிறது? மறுநாள் டாக்டரம்மா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சிரைக்க மாடியேறினார். பிளாஸ்டிக் நாற்காலிகள். கிறீச்சிடும் மின்விசிறி. ஆனால் உட்கார இடமில்லை. அவரைக் கண்டதும் ஒருத்தி வாரப் பத்திரிகையால் முகத்தை மூடினாள். இன்னொருத்தி, மூட எதுவும் கிடைக்காமல், மாமியார் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"யாருக்கும்மா பாக்கணும், உங்களுக்கா?" என்றாள் முன்மேசைப் பெண், நிமிராமலே.

"எனக்கு அறுபது வயசு!"

"பரவாயில்லம்மா, உக்காருங்க."

டாக்டரம்மா இறங்கி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் எல்லாரும் சாப்பிடக் கூடினார்கள். இலைமறைவு காய்மறைவு எல்லாம் டாக்டரம்மாவுக்கு வராது. முதல் கவளத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதுன்னா இதுதான்," என்று அண்ணன் தங்கை பக்கம் சாய்ந்தார். "நானும் சொல்லிப் பார்த்துட்டேன். கேட்டாத்தானே?"

"உங்க ஆஸ்பத்திரில வண்டி நிறுத்த இடமில்ல, டாக்டரம்மா," என்றாள் அண்ணி.

"அங்க மட்டும் மைதானமா இருக்கு? டைல்ஸ் கடை லாரிதான் நிக்குது."

"எங்க வீட்டுக்கு அது கிட்ட," என்றான் அண்ணனின் மாப்பிள்ளை.

"ஒரு தெரு, மாப்பிள்ளை. தவழ்ந்தே வரலாம்."

அண்ணன் மகள் தட்டைத் தள்ளி வைத்தாள். வயிறு மேசையில் முட்டியது. "அத்தை, நான் பொறந்த கதையைச் சொல்லுங்களேன்."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. அவருடைய கதைகளில் தலைசிறந்தது அது. எந்த விருந்திலும் கேட்பார்கள். கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அண்ணியைப் போலவே கண்ணை உருட்டினார், மேசையின் விளிம்பைக் கட்டிலாக்கிப் பிடித்துக்கொண்டார்.

"'ஐயோ, இனிமே அந்த மனுஷன் என் ரூம் பக்கம் வந்தா காலை ஒடிச்சுடுவேன்! எங்க அவன்? கூப்பிடு அவனை!' நர்ஸோட கொண்டையை ஒரு பிடி பிடிச்சா பாரு, கொண்டை கையோட வந்துடுச்சு! அத்தனையும் சவுரி முடி!"

அண்ணனுக்குப் புரையேறியது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா எங்க, அத்தை?"

அண்ணியின் நாற்காலி காலியாக இருந்தது. "தண்ணி எடுக்கப் போயிருப்பா."

"ஜாடி நிறையத் தண்ணி இருக்கு. ஒவ்வொரு தடவை நீங்க இதைச் சொல்லும்போதும் அம்மா தண்ணி எடுக்கத்தான் போவாங்க. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்." குரலில் கோபம் இல்லை. "வலில நான் என்ன பேசுவேனோ எனக்கே தெரியாது. உங்க கையை நம்பறேன் அத்தை. வாயைத்தான் நம்பல."

டாக்டரம்மாவின் கை இன்னும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. மானம், மானம் என்று அவர் காவல் காத்த வீட்டில், ஒருத்தியின் மானத்தை அவரே ஊருக்குப் பந்தி வைத்திருக்கிறார். சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

பிரசவ நாளில் அவர் டைல்ஸ் கடை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் மற்ற உறவினர்களைப் போல உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் ஒரு தடவை எழுந்து உள்ளே போகப் பார்த்ததற்கு, நர்ஸ் கதவைச் சாத்திவிட்டாள். கடைசியில் ஊமைக்கோட்டான் வெளியே வந்தாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, மேடம்."

"எப்படி, ரொம்பக் கத்தினாளா?"

"நல்லா இருக்காங்க, மேடம்."

"அட, எங்கிட்ட சொல்லலாம்மா. நானும் டாக்டர்தானே?"

"இங்க நீங்க அத்தை, மேடம்," என்றுவிட்டு அவள் உள்ளே போனாள். அப்படி எதிர்த்து அவள் பேசி டாக்டரம்மா கேட்டதே இல்லை.

குழந்தையும் தாயும் வீடு வந்தபின் மறுபடி எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு உற்சாகம் தாங்கவில்லை. பிரசவ அறைக் கதவை ஒட்டி நின்று எல்லாவற்றையும் கேட்டவன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். "டாக்டரம்மா, இவ அன்னைக்கு உள்ளேர்ந்து என்னைத் திட்டினா பாருங்க..."

குழந்தையை மடியில் வைத்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாப்பிள்ளை," என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் அறையில் கத்தியைக் கேட்கும் குரல். "எங்க வீட்டுப் பொண்ணுங்க பிரசவத்துல கத்தறதில்ல."

"இல்ல, நானே என் காதால..."

"கத்தறதில்ல. இவளும் கத்தல. எங்க அண்ணியும் கத்தல. பிரசவம் பார்த்தவ நான் சொல்றேன்."

"அப்போ அந்தக் கொண்டை?" என்றார் அண்ணன், வாயில் சோற்றோடு.

"எந்தக் கொண்டை?"

அண்ணி முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜாடியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

"தண்ணி தீந்துடுச்சு, டாக்டரம்மா. கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

டாக்டரம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுந்து, ஜாடியோடு சமையலறைக்குப் போனார்.