காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்

…தொடாதே என்று எழுதத் தெரிந்தவளுக்கு, ஏன் தொடக்கூடாது என்று இன்னும் நாலு வார்த்தை எழுதக் கை வலித்ததா என்ன, என்று அவள் திட்டிக்கொண்டிருந்தது வேறு யாரையும் அல்ல, தன்னையேதான், ஒன்பது வருடத்துக்கு முந்தைய தன்னை. மணி பத்து இருபது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் மகள் சிந்திய பால், துடைக்க எடுத்து வந்த துணி, இன்னும் துடைக்காத பால். திரையில், அவளே உருவாக்கிய கருவியின் நிரலுக்கு நடுவில், அந்த ஒரே வரி: இந்தப் பதிப்பைத் தொடாதே, காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். பிறகு என்றால் எப்போது, மகள் கல்லூரி முடித்த பிறகா? இணையதளத்தை இயக்க எழுதி, சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைச் சேர்த்து, வேண்டாததை உதறி, ஒரே மூட்டையாகக் கட்டித் தரும் கருவி அது. விளையாட்டாக ஆரம்பித்தாள், இன்று முகம் தெரியாத யார் யாரோ அதை நம்பி இணையதளம் நடத்துகிறார்கள். அந்தக் கருவியோ பிறர் எழுதிய நாற்பது குட்டித் தொகுப்புகளை நம்பி நடக்கிறது, அதில் ஒன்றுக்கு, எந்தக் கோப்பு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்வது மட்டுமே வேலை, மொத்தமே முப்பது வரி, அந்த முப்பது வரியில்தான் ஓட்டை. கோப்பின் பெயருக்குள் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வைத்துவிட்டால் போதும், வாசலில் நிற்க வேண்டியவன் படுக்கையறை வரை போய்விடலாம்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் தங்கமான மனிதர், மூன்று மாதம் முன்பே தொகுப்பை எழுதியவருக்கும் இவளுக்கும் ரகசியமாகக் கடிதம் போட்டு, இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் ஊருக்குச் சொல்வேன் என்று நாள் குறித்தும் கொடுத்திருந்தார். தொகுப்பை எழுதியவர் அந்த வாரமே அடைத்துப் புதுப் பதிப்பு வெளியிட்டுவிட்டார். அது தானாக வந்து சேர்ந்திருக்கும் என்று இவளும் காலாட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். காலையில், சும்மா ஒரு கண் பார்ப்போமே என்று திறந்தால், வந்து சேரவே இல்லை, எப்படி வரும், இவளே பழைய பதிப்பில் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாள், தொடாதே என்று பலகையும் மாட்டி. பூட்டைத் திறந்தால் எது உடையும் என்று தெரியாது. திறக்காவிட்டால் பன்னிரண்டு மணிக்குத் திருடனுக்கு விலாசம் கிடைத்துவிடும், அத்தனை பேர் வீட்டு விலாசமும். வேடிக்கை என்னவென்றால், நடுவில் நாலைந்து பேர் இதை மாற்றலாமே என்று கேட்டிருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு யாராவது குறுக்கே விழுந்து, அவங்க எழுதியிருக்காங்கன்னா காரணம் இல்லாம இருக்காது என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அடப்பாவிகளா, என்னை இவ்வளவு நம்பாதீர்கள். என்ன காரணம், அந்த வருடம் என்ன நடந்தது… மகள் பிறந்து மூன்று வாரம், இடது தோளில் அவள், வலது கை மட்டும் விசைப்பலகையில், ஒற்றைக் கையால் எழுதிய வரிகள் என்பதாலோ என்னவோ அந்த மாத வேலை எல்லாமே கட்டை கட்டையாக இருக்கிறது. தூக்கம் என்ற ஒன்று இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கணவன் கேட்டான்.

"நான் எழுதினது எனக்கே புரியல."

"நீ எழுதின கடைச் சீட்டு எனக்கு என்னைக்குப் புரிஞ்சிருக்கு? தோணினத வாங்கிட்டு வந்துடறேன், ஒண்ணும் ஆகல."

சிரிப்பு வந்தது, பாலையும் துடைத்துவிட்டாள். கிண்டல் போகட்டும், அதிலும் ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது, மாற்றிப் பார்த்தால்தானே உடைகிறதா என்று தெரியும். அதற்கு முன் அந்தப் பழைய நாளின் பதிவு எங்காவது கிடக்குமே, தோண்டினாள், கிடைத்தபோது மணி பதினொன்று ஐந்து. அன்றைக்கு அந்தக் குட்டித் தொகுப்பின் புதுப் பதிப்பைப் போட்டபோது எதுவும் உடையவில்லை. மஞ்சள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது, ஒரு கட்டளையின் பெயர் அடுத்த வருடம் மாறப்போகிறது என்று, அவ்வளவுதான். அதைப் படித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள் மகராசி. ஒன்பது வருடம் ஊரே காவல் காத்தது ஒரு கொட்டாவியை. மாறிய பெயரை இரண்டு இடத்தில் திருத்தினாள், பூட்டை எடுத்தாள், சோதனைகளை ஓடவிட்டாள், ஆயிரத்துச் சொச்சமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை காட்டின. பதினொன்று ஐம்பதுக்குக் கருவியின் புதுப் பதிப்பு வெளியே போயிற்று, உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் அறிவிப்பு, இந்தத் தடவை காரணத்தோடு, முழுசாக எட்டு வரி. எல்லோரும் இந்த நிமிஷமே மாற்றிவிடப் போவதில்லைதான், ஆனாலும் தன் பங்குக் கதவைச் சாத்தியாயிற்று. பன்னிரண்டு அடித்தது, கடிதக்காரர் ஊருக்குச் சொன்னார், இவள் பெயரைக் குறிப்பிட்டு நன்றி வேறு. நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டினாள். வெயில், இஸ்திரித் துணியின் வாசனை, உள்ளறையில் மகள் ஏதோ பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடுகிறாள், இதைவிட வேறென்ன வேண்டும்.

அப்போதுதான் போன் அடித்தது, அக்கா. "வேலையா இருக்கியா? இப்ப வரலாமா?"

"வாக்கா, சும்மாதான் இருக்கேன்," என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகு கை போனிலேயே இருந்தது… இரண்டு தெரு தள்ளி இருப்பவள், கூடப் பிறந்தவள், ஏன் எப்போதும் வரலாமா என்று கேட்டுவிட்டே வருகிறாள்? ஒரு நாள்கூடக் கேட்காமல் வந்ததில்லையே. இல்லை, வந்திருக்கிறாள், முன்பெல்லாம் சாவி வைத்திருந்தாள், அவள் பாட்டுக்குத் திறந்துகொண்டு வருவாள். அந்த மூன்றாவது வாரம்… அழுது அழுது அப்போதுதான் கண் மூடியிருந்த குழந்தை, அக்கா காய்கறிப் பையைத் தொப்பென்று தரையில் வைத்தாள், குழந்தை வீறிட்டது, இனிமே போன் பண்ணாம இங்க வராதே என்று இவள்தான் கத்தினாள். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றாள், சாவியை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குக் காரணம் இருந்ததா என்றால், தூக்கம், வேறென்ன. குழந்தைக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது, இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ஐயோ அக்கா. வந்ததும் சொல்லிவிடலாம், என்னவென்று சொல்வது, அன்றைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால் அவள் இல்லை என்பாள், ஞாபகம் இருந்தாலும் இல்லை என்பாள். சாவியை எடுத்துக் கையில் வைத்தால் போதுமா, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து?

காற்றுக்காக வாசல் கதவை அகலத் திறந்துதான் வைத்திருந்தார்கள். அக்கா படிக்கு வெளியே நின்று மணியை அடித்தாள்.