ஊதாத் தண்ணீர்

எண்பத்து மூன்றில் சங்ககிரிக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் கோழி வைத்திருந்தேன். பண்ணை வாசலில் ஒரு தகரத் தட்டு, அதில் பெர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீர். யாராக இருந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரனையே நிறுத்தி, "சீக்கு தானா நடந்து வராதுப்பா, உன்ற காலுலதான் வரும்" என்று பாடம் நடத்துவேன். அவ்வளவு பெரிய மேதாவி நான்.

அந்த மாசியில் ஒரே வாரத்தில் நானூறு கோழி செத்தது. பச்சையாகக் கழிந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தன. ராணிக்கெட் நோய். யார் மேலாவது பழி போடாமல் எனக்கு ஆறவில்லை. ஆண்டி கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். ஒன்பது வருஷமாக என்னிடம் வேலை செய்கிறவன். என்னைவிட மூத்தவன், நான் கூப்பிடுவது 'டேய்'. அவன் வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தான்.

"உன்ற ஊட்டுக் கோழிகிட்ட இருந்துதான்டா வந்திருக்குது. நீ காலை நனைச்சிருக்க மாட்டே!" என்று வேலைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நனைச்சனுங்க சாமி."

"பொய் பேசாதே. வெளிய போடா."

மூன்றாம் நாள் கால்நடை டாக்டர் வந்து, செத்த கோழியை அறுத்துப் பார்த்தார். "ஆராச்சும் வேற பண்ணைக்குப் போனீங்களா?" என்று கேட்டார். என் மனைவி சௌந்திரம்தான் சொன்னாள்: "இவருதானுங்க எங்கண்ணன் பண்ணைக்குப் போய்ட்டு வந்தாரு. அங்கயும் கோழி செத்துட்டு இருந்துச்சுங்க."

உண்மைதான். அவள் அண்ணன் வேலுமணியின் கொட்டகைக்குள் நுழைந்து, கேட்காத யோசனையெல்லாம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி நேராக என் கொட்டகைக்குள் போயிருந்தேன். தகரத் தட்டைத் தாண்டித்தான் போனேன். புதுத் தோல் செருப்பு, நனைத்தால் கறை பிடிக்கும். அதற்கு ஆறாம் நாள் முதல் கோழி செத்தது. டாக்டர் குனிந்து, என் செருப்புத் தையலில் காய்ந்திருந்த எச்சத்தைக் குச்சியால் சுரண்டிக் காட்டினார். எனக்குக் காது வரை சுட்டது.

"ஆண்டிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கும்" என்றாள் சௌந்திரம்.

போனேன். அவன் வீட்டு வாசலில் கோழிக்கூடைகள் காலியாகக் கிடந்தன. அவன் மனைவி ஆராயி எழுந்து நின்றாள்.

"பதினொண்ணையும் அன்னிக்கே அறுத்துப் பொதச்சுப்புட்டாருங்க. அடையில கெடந்ததைக்கூட உடலீங்க. ஒண்ணுக்கும் சீக்கு இல்லீங்க."

ஆண்டி வெளியே வந்து பத்தடி தள்ளியே நின்றான். "கிட்ட வராதீங்க சாமி, மறுக்கா ஒட்டிக்கப் போகுது. காலை நனைச்ச மாதிரிதானுங்க எனக்கு நெனப்பு. ஆனா நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நானூறு உசுரு போயிருச்சுங்களே" என்று அழுதான்.

சொல்ல வேண்டியது ஒரே வரி. என் செருப்பில் வந்தது, உன்னால் இல்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் அழுத கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"நாளைக்கு வேலைக்கு வா" என்றேன்.

"மன்னிச்சிட்டீங்களா சாமி?"

கையெடுத்துக் கும்பிட்டான். நான் தலையை ஆட்டினேன். தூ, நானும் ஒரு மனிதன்.

"சொல்லிட்டீங்களா?" என்று சௌந்திரம் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஆண்டி வந்தான். தகரத் தட்டில் இறங்கி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். நகக்கண்ணெல்லாம் பழுப்பேறிய பிறகும் அவன் அதைவிட்டு ஏறவில்லை.

"இனி என்னால ஒரு கோழி சாகாதுங்க. இது போதுங்களா சாமி?" என்றான்.

"போதும், வா" என்றேன்.

சௌந்திரம் எனக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது திரும்பிய பிறகுதான் தெரிந்தது.